ஆந்தை சிரிக்காது

படம் எடுப்பதற்கு முன் லோர்னா பாவ்லிக் இடது கையை நீட்டுவார். பிள்ளைகள் கோட்டைக் கழற்றி அந்தக் கையில் போட வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் ஏரிக்கரை ஊரில் அக்டோபர் கடைசியிலேயே குளிரில் பல் கிட்டிக்கும். வாரக்கணக்கில் வேடம் தைத்த அம்மாக்களே, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீன் அன்று அதன்மேல் தடித்த கோட்டை மாட்டிக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடுவார்கள். வீட்டு ஆல்பங்களில் கடற்கொள்ளைக்காரனும் இளவரசியும் வெறும் நீலக் கோட்டுகள்தான்.

லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடங்களாக ஒவ்வொரு ஹாலோவீன் மாலையும் தன் கார் ஷெட்டில் சாம்பல் நிறப் போர்வையைத் திரையாகக் கட்டி, வருகிற பிள்ளைகளையெல்லாம் காசு வாங்காமலே படமெடுத்தார். நவம்பரில் எல்லாம் நூலகச் சுவரில் இருக்கும். ஒரு பிள்ளைகூட விடுபட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை, ஊருக்கும்தான்.

எனக்குப் பதினாறு வயதானபோது, என் தங்கை மார்னிக்கு அம்மா ஆந்தை வேடம் செய்தார். பிஸ்கட் ஆலையில் மாலை ஷிஃப்ட் முடித்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, துணியில் இறகு வெட்டி ஒட்டினார். முந்நூற்றுச் சொச்சம் இறகுகள். ஹாலோவீன் அன்று கடைசி இறகை ஒட்டிவிட்டு, மார்னி பள்ளியிலிருந்து வருமுன்பே வேலைக்குப் போய்விட்டார். அவர் அந்த ஆந்தையைப் பார்க்கப்போவது லோர்னாவின் படத்தில்தான். மறக்காதே என்று ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டியிருந்தார்.

வெளியே பனியும் மழையும் கலந்து அடித்தது. நானும் மார்னிக்குக் கோட்டை மாட்டி ஜிப்பை இழுத்தேன். ஷெட்டில் கழற்றியபோது இறகெல்லாம் நசுங்கி, ஈரத்தில் படிந்து கிடந்தது. மார்னி சத்தமில்லாமல் அழுதாள். பரவாயில்லை, அப்படியே எடுத்துவிடுங்கள் என்றேன். உண்மையில், படத்தைப் பார்த்து அம்மா என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

லோர்னா என்னைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே போய் ஹேர் டிரையரை எடுத்துவந்து, இறகு இறகாக உலர்த்தி விரலால் நிமிர்த்தினார். பின்னால் வரிசை நீண்டது.

"கல்யாண ஆல்பமா எடுக்குற, லோர்னா? இங்க கால் விறைச்சுப்போச்சு" என்றார் வரிசையில் குடையோடு நின்ற பக்கத்து வீட்டு டக்.

"உன் காலை யாரு படம் எடுக்கப்போறா? குடையைப் பிள்ளைங்க பக்கம் சாய்ச்சுப் பிடி."

பிறகு மார்னியை ஏணிப்படியின் உச்சியில் உட்காரவைத்து, லோர்னா சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்தார். மார்னி வழக்கம்போலப் பல்லைக் காட்டினாள்.

"சிரிக்காத கண்ணு. ஆந்தை எங்கயாவது சிரிக்குமா? நான் எலி. இன்னைக்கு ராத்திரி உனக்குச் சாப்பாடே நான்தான். அப்படிப் பாரு."

மார்னி அப்படிப் பார்த்தாள்.

அம்மா அந்தப் படத்தை ஆலையில் தன் லாக்கர் கதவில் ஒட்டி, மேற்பார்வையாளரைக் கூட்டிவந்து காட்டினாராம். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். என் பட்டமளிப்புப் படத்துக்கு ஆந்தைக்குக் கீழேதான் இடம் கிடைத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அன்று லோர்னா தரையிலிருந்து எழுவதற்குள் எட்டு மணிச் சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் எங்கள் ஊரில் ஹாலோவீன் முடிந்தது; வாசல் விளக்குகள் அணைந்துவிடும். வரிசையின் கடைசியில் டிராகன் வேடத்தில் நின்ற ஐந்து வயது ராய்ஸை அவன் அப்பா அழைத்துப் போய்விட்டார். லோர்னா தெருமுனைவரை ஓடிப் பார்த்தார். மறுநாள் காலையில் கேமராவோடு அவன் வீட்டுக்கே போனார். அட்டை வால் மழையில் கூழாகியிருந்தது. வேடமில்லாமல் நிற்க ராய்ஸ் மறுத்துவிட்டான்.

"வால் இல்லாத டிராகனை யார் பாப்பாங்க?"

"சரிதான். அப்ப உனக்கு ஒரு படம் பாக்கி" என்றார் லோர்னா.

அந்த நவம்பரில் நூலகச் சுவரில் ஒரு வெற்று அட்டை இருந்தது; அடியில் 'ராய்ஸ், டிராகன்' என்று எழுதியிருந்தார். ஜனவரியில் அந்தக் குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருடங்களிலும் புதுப் படங்களோடு அதே அட்டையை லோர்னா மாட்டினார். போன ஏப்ரலில் அவர் இறந்தார். ராய்ஸுக்கு இப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அவனுடைய படம் இன்னும் பாக்கி.