இமையில் படிந்த ஊதா

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தாராவியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தானுக்கு அங்கேயே மளிகைக் கடை. நாற்பதைத் தாண்டியிருந்த அக்காவுக்கு ஒரு மழைக்காலத்தில் கண்ணிமைகள் வீங்கி ஊதா நிறமாயின. விரல் முட்டிகளில் சிவப்புத் தடிப்புகள். கடையில் மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்துக் கொட்டியதால் வந்தது என்று நினைத்தார் அத்தான். தெரு டாக்டர் களிம்பு கொடுத்தார்.

பிறகு கைகள் ஓய்ந்தன. கொடியில் சேலையைப் போட முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்லலே. கை யாருதோ மாரி இருக்கு."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தோல் டாக்டர் மராட்டிக்காரர். இமையைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். அப்புறம் ஒரு லேடி டாக்டரை வரவழைத்து மார்பையும் வயிற்றையும் பார்க்கச் சொன்னார். அக்காவுக்கு எரிச்சல்.

"கைக்கு மருந்து கேட்டு வந்தா வயித்த எதுக்கு அமுக்குதாங்க?"

தோல் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். இது தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் அழற்சி. மாத்திரையில் அடங்கும். ஆனால் இந்த வயதில் சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, உள்ளே எங்கோ புற்றுநோய் இருப்பதற்கு இதுவே முதல் அடையாளம். தேடிப் பார்க்காமல் விடக்கூடாது. அக்காவின் அடிவயிற்றில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது.

கடையில் போய்ச் சொன்னதும் அத்தான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அவகிட்ட சொல்லாதீரும் மாப்ள. பயந்துருவா."

ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததுமே அக்கா கேட்டாள். "டாக்டரு ஒன்னத் தனியா கூப்ட்டு என்னலே சொன்னாரு? மறைக்காம சொல்லு."

சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அத எடுத்தா கையும் சரியாயிருமா?"

"ஆகலாம்னாரு. நிச்சயமா சொல்லல."

"சரி, எடுக்கச் சொல்லு."

கட்டி சினைப்பையில் இருந்தது. புற்றுநோய்தான், பரவுமுன் எடுத்துவிட்டார்கள். கடையை ஒருநாளும் பூட்டாத அத்தான் அதைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அழற்சிக்குக் கொடுத்த மாத்திரையில் அக்காவின் முகம் உப்பியது. பலம் மெல்லத் திரும்பியது. பல வருஷம் சோதனைக்குப் போனாள். நோய் மறுபடி வரவில்லை.

அந்த நோயின் பெயரை எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன ஆப்பரேஷன்க்கா?" என்று கேட்டாள்.

"புத்துநோய். எடுத்தாச்சு."

கேட்டவள் குடத்தோடு பின்வாங்கினாள்.

"அது ஒட்டாதுட்டி," என்றாள் அக்கா. "கொடத்த வையி, தண்ணி நின்னுரும்."