முதல் வகுப்பில் மூன்று மணி நேரம்

ரயில்வே பாஸில் போகிறவர்களுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் அதை எழுதி வைக்கவில்லை. டூட்டியில் சேர்ந்து போகிறவர்கள் ஒரே பெட்டியில் உட்கார வேண்டும். வழியில் முதல் வகுப்பிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டால் போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே உட்காரக் கூடாது. கதவோரம் நின்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தன் பெட்டிக்கு வந்துவிட வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளேயே நடந்து போக வழி கிடையாது, அதனால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை என்று வைத்திருந்தார்கள். அதற்கு மேலும் ஒருவன் அங்கே தங்கினால், அவன் யாருடைய ஆள் என்ற கேள்வி வந்துவிடும்.

எனக்கு இது தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். நான் திருச்சியில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. என் நண்பர் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. மணப்பாறைப் பக்கத்தில் நிலம் உழுகிற சம்சாரிக் குடும்பம், என்னைவிட ஆறு வயது மூத்தவர், பொன்மலையில் குவார்ட்டர்ஸ். அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தம்பி. பத்து வருஷம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

அவர் மேல் ஒரு வழக்கு. மெட்ராஸ் போக வேண்டிய ஒரு வேகன் வாழைத்தார் திண்டுக்கல் பக்கம் போய், நாலு நாள் கேட்பாரற்று நின்று, கதவைத் திறந்தபோது உள்ளே வெறும் சேறாக இருந்தது. போகிற ஊரைக் குறித்து வேகன் பக்கவாட்டில் செருகுகிற சீட்டை எழுதியவர் இவர்தான். சரியாகத்தான் எழுதியிருந்தார். டூட்டி முடிந்து இவர் வீட்டுக்குப் போன பிறகு மழை கொட்டியது. நனைந்த சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஷிஃப்ட் ஆள் வேறொன்று எழுதிச் செருகினார், ஊரை மாற்றி. கேட்டால் நான் தொடவே இல்லை என்று சாதித்தார். எங்கள் அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு தண்டனை ஆகியிருந்தது. மூன்றாவதும் விழுந்தால் வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். ஸ்கூலுக்குப் போகிற இரண்டு பெண் குழந்தைகள் அவருக்கு.

விசாரணைக்கு மெட்ராஸுக்கு வரச் சொன்னார்கள். தனக்காகப் பேச ஒரு சக ஊழியரை அழைத்து வரலாம் என்று விதி. என்னைக் கேட்டார். மனுஷர் கூட்ஸ் ஷெட்டில் லோடுமேன் சண்டையை ஒரு சத்தத்தில் அடக்குவார். அதிகாரி எதிரில் நின்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், 'ஆமாங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. ஆகவே ஒரு மாதம் நான் தயார் செய்தேன். மழை பெய்த அன்று மாலை அந்த இன்னொரு ஆள் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுப் புதுச் சீட்டுக்கட்டு வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்தேன். விசாரணைக்குச் சாட்சியாக வரப்போகிற அவரிடம் எதைக் கேட்டுவிட்டு எதைக் கேட்க வேண்டும் என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். அந்த வரிசையில் கேட்டால் அவர் தப்ப முடியாது. ஆனால் அது என் தலைக்குள் இருந்தது, காகிதத்தில் இல்லை. ரயிலில் அண்ணனுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பகல் வண்டி. அவர் ஜங்ஷனிலேயே ஏறித் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான் ஸ்ரீரங்கத்தில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு என்றால் அன்றைக்கு மரப்பலகை. கூட்டம் தாங்கவில்லை. என் ஒரு பக்கம்தான் பலகையில் இருந்தது, மறு பக்கம் காற்றில். சித்திரை வெயில் வேறு. அரியலூரில் வண்டி நின்றதும் ஜன்னலோரம் ஒரு பியூன் வந்து, அய்யா உங்களைக் கூப்பிடுகிறார் என்றான்.

அய்யா என்றால் இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். மறுநாள் அண்ணனை விசாரிக்கப் போகிறவரும் அவர்தான். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்திருக்கிறார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “போயிட்டு வாங்க தம்பி. பெரியவங்க கூப்பிட்டா போகாம இருக்க முடியுங்களா” என்றார்.

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற நிலைமைதான். போகாவிட்டால் அந்த மனஸ்தாபம் நாளைக்கு அண்ணன் தலையில் விடியும். அப்படி நினைத்துத்தான் போனேன் என்று பல வருஷம் சொல்லிவந்தேன். பொய் இல்லை. ஆனால் காற்றாடி இருக்குமே என்றும் நினைத்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

உட்காருங்கள் என்றார், நான் நின்றேன். வண்டி ஆடுகிறது, உட்காருங்கள் என்று மறுபடி சொன்னார். உட்கார்ந்தேன். மெத்தை அமுங்கியது. பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார், வடை கொடுத்தார். விருத்தாசலம் வந்தது. நான் பாதி எழுந்தேன். என்ன அவசரம், இருங்கள் என்றார். நண்பர் காத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார், அப்படி ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. நான் சொல்லவில்லை. எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உளுந்தூர்ப்பேட்டையில் எழுந்திருக்கக்கூட இல்லை.

வழக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பழைய ஆபீஸில் யார் யாருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிற்று, கொள்ளிடத்தில் தண்ணீர் எப்படி, ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாடகை ஏறிவிட்டதா, இப்படியே விழுப்புரம் வந்துவிட்டது. கால் வலிக்கிறது, கொஞ்சம் நடக்கலாம் என்று அவர் இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன். மறுபடி ஏறப் படியில் கால் வைத்தபடி அவர் திரும்பி, “உங்ககூட வர்றது வாழைத்தாருக்கு ஊர் சுத்திக் காட்டினவர்தானே?” என்றார்.

நான் சிரித்தேன். சும்மா பல்லைக் காட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, குலுங்கிச் சிரித்தேன். அதிகாரிகளின் ஹாஸ்யத்துக்கென்று குமாஸ்தாக்கள் தனியாக ஒரு சிரிப்பு வைத்திருப்போம், அந்தச் சிரிப்பு. நிமிர்ந்தபோது பத்தடி தள்ளித் தண்ணீர்க் குழாயடியில் கூஜாவோடு அண்ணன் நின்றிருந்தார். கூஜா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குத் திரும்பினேன். என் இடத்தில் அவர் துண்டு கிடந்தது. மூன்று மணி நேரம் நிற்கிறவர்களிடம் சண்டை போட்டு அந்த இடத்தை எனக்காகக் காப்பாற்றியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவரின் முறைப்பிலிருந்தே தெரிந்தது. வழக்கைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை அண்ணே என்றேன். சரிங்க தம்பி என்றார். அவர் சம்சாரம் இரண்டு பேருக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருந்தது. எனக்குப் பசியில்லை என்றேன். அவர் பொட்டலத்தை அவிழ்க்கவே இல்லை. கேள்விகளைச் சொல்லித் தர ஆரம்பித்தேன். தலைவலிக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். எழும்பூர் வரை திறக்கவில்லை.

மறுநாள் விசாரணை. உமக்காகப் பேச யாராவது வந்திருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அண்ணன் எழுந்துவிட்டார்.

“யாரும் வேண்டாங்க. நானே சொல்லிக்கிறேன்.”

அதிகாரிக்கே ஆச்சரியம். என்னைப் பார்த்தார், வெளியே இருக்கச் சொன்னார். வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே நடந்ததைப் பிற்பாடு காகிதத்தில் பார்த்தேன். கேள்வி, ஆம். கேள்வி, ஆம். அந்த இன்னொரு ஆளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “அங்க என்ன பேசினீங்கன்னு நான் கேக்கலைங்க தம்பி. கேட்டா சொல்லுவீங்க. அதை நான் நம்பணுமில்லீங்களா” என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதம் இவருக்காக உழைத்தேன், என்னையா சந்தேகப்படுகிறார் என்று குமுறினேன். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று சத்தியம் செய்தேன். அது உண்மை என்பதால் தொண்டை தாராளமாகத் திறந்தது. எல்லோரும் நம்பினார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான், பாவம் என்று அவரைத்தான் சொன்னார்கள். சிரித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் உத்தரவு வந்தது. வேலை போயிற்று.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று காலையில் பொன்மலைக்குப் போனேன். மணப்பாறைக்கு ஒரு லாரி பேசியிருந்தார். வெறும் வீடு. பெண்கள் இரண்டு பேரும் பாத்திரங்களை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கும்போதே அவர் தலை நிமிராமல் கேட்டார்.

“அன்னிக்கு விழுப்புரத்துல எதுக்குச் சிரிச்சீங்க தம்பி?”

எனக்கு வேண்டிய வழியை அவரே திறந்துவிட்டார். உள்ளே போகிற தைரியம் எனக்கு வரவில்லை. அவர் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவர் வீட்டுக் குழந்தை ஏதோ மழலையா பேசிச்சாம் அண்ணே. அதைச் சொன்னார்.”

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று மாதமாக அந்த முகத்தில் இருந்த இறுக்கம் என் கண்ணெதிரில் தளர்ந்தது.

“அப்ப நான்தான் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க தம்பி” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, தம்பிக்குக் காபி கலந்து கொடு என்றார். அடுப்பை அப்போதுதான் அணைத்திருந்தார்கள். அதை மறுபடி மூட்டிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.