வேலை செய்யும்போதே பார்ப்பவர்

ஆய்வு தொடங்கிவிட்டால் ஹம்சா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். நேரத்தைத்தான் கருவி எழுதிக்கொண்டிருக்கிறதே, நாம் வேறு எதற்கு என்பது அவர் கட்சி. பிறகு திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிட்டாலும் "ஹவ், ஹவ்" என்று தக்காணியில் 'ஆமாம், ஆமாம்' தான் பதிலாக வரும், ஆள் வரமாட்டார்.

நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி. போலாரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஆய்வகத்துக்கு வருகிறார். நான்கு தலைமுறைக்கு முன் வேலூரிலிருந்து ராணுவத் தையல் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு, கோபம் வந்தால் அந்த ஊர் உருதுவான தக்காணி.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள் அல்லவா, அந்தப் பிரிப்பைச் சுலபமாக்கும் வினையூக்கிகளைப் பார்ப்பது அவர் வேலை. அதுவும் அவை உழைத்துக்கொண்டிருக்கும்போதே. தீப்பெட்டி அளவுள்ள கலத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து, அதன் வழியே லேசரைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைப் படிக்கிறார். கழற்றி எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்டால், "குறட்டை விடுறாரான்னு ஆளை எழுப்பியா பாப்பீங்க?" என்பார்.

சென்ற மாதம் டேனியலின் நிக்கல் வினையூக்கிக்கு முடிவு கட்டும் நாள் வந்தது. டேனியல் திருநெல்வேலிக்காரர், இளம் ஆய்வாளர். அதற்காக இரண்டு வருடம் உழைத்தவர். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்தில் மின்னோட்டம் விழுந்துவிடும். கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியாது. "நானே சொல்லுதேன் மேடம், விட்ருங்க," என்று ஹம்சாவிடம் அவரே சொல்லிக் கைகழுவிவிட்டார். பிரிவுத் தலைவர் சாரங்கபாணி கோப்பை மூடப் பேனாவை எடுத்தார்.

"நக்கோ சார், வேண்டாம்," என்றார் ஹம்சா. "செத்துச்சான்னு பாக்காமலே பொதைக்கிறீங்க. அரை மணி நேரம் வந்து உக்காருங்க."

வந்தார். இருபதாவது நிமிடம் மின்னோட்டம் சொல்லிவைத்தாற்போல் சரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சாரங்கபாணி.

"நீங்க இதைப் பாருங்க."

திரும்பி வரும் ஒளியின் வரைகோட்டில், நிக்கல் உழைக்கும்போது மட்டும் எழும் இரண்டு முகடுகள் திரையில் அப்படியே நின்றன. லேசர் தற்செயலாக நல்ல இடத்தில் விழுந்திருக்குமோ? அந்தச் சந்தேகம் ஹம்சாவுக்கே ஒரு நொடி வந்தது. இடத்தை மாற்றினார். நான்கு இடங்களிலும் அதே இரண்டு முகடுகள்.

"சரக்கு நல்லா இருக்கு சார். அப்புறம் என்னத்துக்கு விழுது?"

உருப்பெருக்கியைச் சன்னலுக்கு நேராகத் திருப்பினார். மேற்பரப்பு நெடுக வாயுக் குமிழிகள், ஜவ்வரிசி கொட்டியதுபோல் ஒட்டிக்கிடந்தன.

"வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. அது விட்ட குமிழியே அதை மூடிடுச்சு. தண்ணிக்கு அது மேல படவே வழியில்ல. கழட்டினதும் குமிழி போயிடுது, நமக்கு ஒண்ணும் தெரியல."

கலத்துக்குள் ஓடும் திரவத்தின் வேகத்தைக் கூட்டினார். குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கழன்று ஓடின. மின்னோட்டக் கோடு நிமிர்ந்து, பழைய உயரத்துக்கே ஏறி நின்றது.

சாரங்கபாணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "கலத்தை மாத்தி வடிவமைங்க. ஆறு மாசம் தர்றேன்."

டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். ஹம்சா எழுந்தார். தன் நாற்காலியைத் திரைக்கு நேரே இன்னும் கொஞ்சம் இழுத்துப்போட்டு, டேனியலைப் பார்த்து அதன் முதுகைத் தட்டினார்.