வெறும் நாற்காலிகளுக்கு ஒரு பெரட்டு

போன சனிக்கிழமை பதுளையில் ஒரு கௌரவிப்பு விழா. ஆதிவாசிகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் உள்ள உறவைப் போற்றுகிறார்களாம். பேனரில் அப்படித்தான் போட்டிருந்தது. பேனரில் பாதி, பிரதம அதிதியின் முகம். மீதியில் ஒரு மலை, ஒரு மான். ஆதிவாசியையும் காணோம், தோட்டத்து ஆளையும் காணோம்!

கௌரவம் பெற வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுதுபண்டா. மடுல்சீமைக்குக் கீழே காட்டோரக் கிராமத்து ஆதிவாசி. மற்றவர் லெட்சுமி அக்கா. மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் முதல் பெண் கங்காணி. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆட்களைக் கொழுந்து மலைக்குப் பிரித்து அனுப்புகிறவர்.

இவர்களுக்குள் என்ன உறவு? போன வருஷ மழையில் மண் சரிந்து தோட்டத்து ரோடு அறுந்துபோனது. தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வலி. சுதுபண்டாவும் அவர் ஆட்களும் காட்டுப் பாதையால் ஏறி வந்து, அவளைக் கதிரையில் உட்கார்த்திக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் கவ்வாத்துக் கத்தியோடு வழி வெட்டிக்கொண்டு லெட்சுமி அக்கா. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதுதான் உறவு.

இப்போது அந்தப் பாதைக்கு கேட் போட்டுப் பூட்டப் போகிறார்கள். யார்? பிரதம அதிதி தலைவராக இருக்கும் வனத் திணைக்களம்தான்!

"அதச் சொல்லத்தாங்க பஸ் ஏறி வந்தோம். மாலைக்கு இல்ல" என்றார் லெட்சுமி அக்கா என்னிடம்.

கூத்து வாசலிலேயே தொடங்கியது. கோட் போட்ட அமைப்பாளர், சுதுபண்டாவின் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கோடரி எங்க? சட்டையக் கழட்டச் சொல்லுங்கம்மா... போட்டோ எடுக்கணும்."

லெட்சுமி அக்கா சிங்களத்தில் சொன்னார். சுதுபண்டா சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார்.

"என்னவாம்?"

"ஐயா கோட்டக் கழட்டினா அவரும் கழட்டுறாராம்."

லெட்சுமி அக்காவுக்கும் ஒரு கூடை தயாராக இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் கொழுந்து. கொழுந்து பறிக்காத கங்காணிக்குக் கூடை! அவர் அதைத் தொடவே இல்லை.

பிறகு பேச்சு. ஏழு பேர். பிரதம அதிதி "நமது வேர்கள்" என்று நாற்பது நிமிஷம் பேசினார். பொன்னாடை போர்த்தினார். கேமராவைப் பார்த்தார். போய்விட்டார். அவர் பின்னாலேயே மற்ற அதிதிகளும். ஒருவரைப் பேசவிடாமல் செய்ய நல்ல வழி எது? அவர் வந்த நோக்கத்தைக் கேட்பதற்கு முன் பொன்னாடையைப் போர்த்திவிடுவது.

முன்வரிசை காலியான பிறகு அறிவித்தார்கள் — "கௌரவம் பெற்றோர் ஓரிரு வார்த்தைகள்..."

லெட்சுமி அக்கா மைக்குக்கு வந்தார். அழைப்பிதழை விரித்தார். பெரட்டுக் குரலில் பிரதம அதிதியின் பெயரைப் பட்டங்களோடு கூப்பிட்டார். முன்வரிசையைப் பார்த்தார்.

"ஆளக் காணோம்."

அடுத்தது சிறப்பு அதிதி. "ஆளக் காணோம்." அதற்கடுத்த பெயருக்கும் அதே. பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அமைப்பாளர் ஓடி வந்தார்.

"அம்மா, சாருக்கு அவசர மீட்டிங்..."

"லீவு சொல்லிட்டா போனாரு?"

"இல்ல... வந்து..."

"பெரட்டுல மூஞ்சியக் காட்டிட்டு மலைக்கு வராம போனா, அந்த ஆளு வேலைக்கு வரலைன்னுதாங்க நாங்க போடுவோம்."

கடைசியாக "சுதுபண்டா!" என்றார். அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருமாக, தமிழிலும் சிங்களத்திலும், காலி நாற்காலிகளிடம் சொன்னார்கள்: பாதையைப் பூட்டாதீங்க. பூட்டித்தான் ஆகணும்னா, ஆளுக்கொரு சாவி கொடுங்க. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு.

திங்கட்கிழமை நான் பிரதம அதிதிக்கு போன் எடுத்தேன். சாவி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"லெட்சுமி அம்மாவோட பேச்சு இருக்கே... மனச உருக்கிருச்சுங்க" என்றார்.

புதன்கிழமை கேட்டில் பூட்டுத் தொங்கியது.

அந்த லயத்தில் இப்போது இரண்டு பெண்கள் மாசமாக இருக்கிறார்கள். ஐப்பசியில் மழையும் வரும்.

சாவி யார் கையில், சார்?