என் சேர்வர் என்னையே வெளியே நிறுத்திய நாள்

போன சனிக்கிழமை காலை, தேநீரும் கையுமாக எங்கள் சேர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். தேநீர் ஆறிப்போனது.

யாரோ ஒருவர் — இல்லை, யாரோ பலர் — சில விநாடிக்கு ஒரு தடவை உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அட்மின்' என்று ஒரு பெயர். 'டெஸ்ட்' என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஊகித்த ஒரு பாஸ்வேர்ட். சுருவில் கிராமத்தில் என் வீட்டுப் படலையை ஒரு நாளில் இரண்டு பேர் தட்டினாலே அதிகம்!

சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர். நெடுந்தீவுப் படகு நேரங்களைக் காட்டும் எங்கள் செயலியும் அதன் நிரலும் அதில்தான். நானும், நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்யும் வதனியும் அவரவர் இடத்திலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய்த் திருத்துவோம். இருவருக்கும் ஒரே பாஸ்வேர்ட். அது என்ன என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வதனிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, பாஸ்வேர்ட்டை நிப்பாட்டிப்போட்டு, தங்கட கொம்பியூட்டரில சாவி மாதிரி ஒரு திறப்புக் கோப்பு வைச்சிருக்கிற ஆக்களை மட்டும் விடுவம். என்ர திறப்புக்குரிய வரியை மெயிலில அனுப்புறன். பதியுங்கோ. நான் உள்ள வந்து பாத்த பிறகு நிப்பாட்டுங்கோ."

அந்தப் 'பிறகு' மட்டும் என் காதில் விழவில்லை. பதிந்தேன். நிறுத்தினேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

மனைவி நிர்மலாவுக்கும் ஒரு பிரசங்கம் வைத்தேன். "தெரியாத நம்பரில ஆர் என்ன கேட்டாலும் ஒண்டையும் அமத்தாதையும். இப்ப குரலைக்கூடப் போலியாச் செய்யினம்."

பிறகு, வதனியோடு இருந்து மிச்ச வேலையை முடிக்கலாம் என்று லப்டொப்போடு படகேறினேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் வதனி காத்து நின்றாள், கெட்ட செய்தியோடு. காற்று கூடிவிட்டதாம், ஒரு மணிப் படகுதான் கடைசி. எங்கள் செயலியோ நான்கு மணிக்கும் படகு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி வீட்டில் இருப்பவர்கள்? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள்?

லப்டொப்பைத் திறந்தேன். அனுமதி இல்லை என்றது சேர்வர். என் திறப்பு வீட்டுக் கொம்பியூட்டரில் மட்டும்தான் இருந்தது! வதனிக்கும் அதே பதில். அவள் அனுப்பிய வரியின் கடைசித் துண்டை ஒட்டும்போது தவறவிட்டிருக்கிறேன்.

"பிறகு எண்டு சொன்னனானெல்லோ" என்று அவள் சொல்லவில்லை. பார்த்தாள். போதும்.

என் போனில் சார்ஜ் இல்லை. நிர்மலாவுக்குத் தெரியாத நம்பரான வதனியின் போனிலிருந்து வீட்டுக்கு எடுத்தேன். காற்று இரைந்ததால் அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நிர்மலா, கொம்பியூட்டரில வதனியின்ர மெயிலைத் திறவும்..."

"ஆர் கதைக்கிறது?"

"நானப்பா!"

"இப்ப குரலைக்கூடப் போலியாச் செய்யினமாம்."

"ஐயோ, நேரமில்லை. நான்தான்!"

"அப்ப சொல்லுங்கோ. போன கிழமை நான் வைச்ச கணவாய்க் கறி ஆற்ற வயித்துக்க போனது?"

துறையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"...நாயின்ர."



"ஓம், நீங்கள்தான். எதை அமத்த வேணும்?"

மெயிலில் இருந்த வரியை, நான் சொல்லச் சொல்ல, முழுதாக எடுத்துச் சேர்வரில் ஒட்டினாள். அடுத்த நிமிடம் வதனி உள்ளே. செயலியில் சிவப்பு எழுத்தில் அறிவித்தல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் சைக்கிளிலும் ஓட்டோவிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நிறைமாதப் பெண் ஒருத்தி, உடுப்புப் பையும் தாயுமாக வந்து படகேறினாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்? இந்தமுறை ஒழுங்காகச் செய்தேன். லப்டொப்புக்கும் ஒரு திறப்பு. வதனி உள்ளே இருக்கும்போதே நான் வெளியிலிருந்து புதிதாக நுழைந்து பார்த்தேன். ஒருமுறை... இன்னொருமுறை. பூட்டுப் போடுகிறவர்களே, உள்ளே ஓர் ஆள் இருக்கும்போதே வெளியே நின்று திறந்து பாருங்கள்!

நிமிர்ந்தால், படகு போய்விட்டது.

அன்று நெடுந்தீவில்தான் தங்கினேன். உண்மையைச் சொன்னால்... வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரமும் இருக்கவில்லை.