திறடா

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சுத்தப் பொய். என் தங்கையின் வாய் ஏழூருக்குக் கேட்கும். இருபத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் தையல் கம்பெனியில் நான் காலர் தைப்பேன், தைத்து முடிந்த சட்டைகளில் அவள் பிசிறு வெட்டுவாள். எல்லோருக்கும் அவள் வாயாடி. கத்தரி ஓடும் வேகத்தில் பாட்டுக் கட்டுவாள், யாரையும் விடமாட்டாள். என் சமையலைப் பற்றிக்கூட ஒன்று இருந்தது. அதற்காக அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

அப்போதிருந்த சூப்பர்வைசர் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தான். கெஞ்சினால்தான் திறப்பான். நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். வாயாடி பூட்டிய கதவின் முன் நின்று, கத்தரியால் தகரத்தைத் தட்டி, 'திறடா, கதவைத் திறடா' என்று பாடினாள். அந்த 'டா'வில்தான் எல்லாம் இருந்தது. மாலைக்குள் மொத்த லைனும் பாடியது. பூட்டும் போனது, அவள் வேலையும் போனது.

"கொஞ்சம் மரியாதையா பாடித் தொலைச்சிருக்கலாம்லடி" என்றேன்.

"கெஞ்சுறதுக்கு எதுக்குக்கா பாட்டு?" என்றாள்.

பிறகு மற்ற கம்பெனி வாசல்களில் நின்று பாடினாள். அடுத்த வருடம் செத்தாள். கம்பெனியிலிருந்து ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

வருடங்கள் ஓடி, இப்போது அதே சூப்பர்வைசர் மேனேஜர். கதவைத் திறக்கிற பாட்டாம், அதனால் புதுக் கிளையின் திறப்பு விழாவுக்கு அவள் பாட்டுதான் வேண்டுமாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. ஸ்பீக்கரில் எவளோ தேன் ஒழுகப் பாடினாள்: 'திறங்க, கதவைத் திறங்க.' என்னை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள்.

"ரெண்டு வார்த்தை நல்லதா பேசுங்கம்மா. உங்க தங்கச்சி எங்க குடும்பத்துப் பொண்ணு" என்றான் அந்த யோக்கியன்.

வாயைத் திறந்தால் வேலை போகும். இந்த வயதில் வேறு எவன் கொடுப்பான்? சும்மா இருந்தாலோ, அவள் கெஞ்சினாள் என்றே இவர்கள் நம்ப வைத்துவிடுவார்கள்.

"அது 'திறங்க' இல்ல" என்றேன். "'திறடா'."

மைக்கைப் பிடுங்கினார்கள். பின்வரிசையில் புதுச் சீருடையில் நின்ற பெண்கள் யாரும் அவளைப் பார்த்ததே இல்லை. அவர்களில் ஒருத்தி 'திறடா' என்று தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் வரிசையே பாடியது. இன்னொருத்தி மேடையோரம் வந்து, "அக்கா, அடுத்த வரி என்ன?" என்று கத்தினாள்.

அடுத்த வரி மேனேஜரின் பெயரில் தொடங்கும். சத்தமாகவே சொல்லிக்கொடுத்தேன்.