பழைய பாலத்து ஜல்லி

இன்று சித்தூர் பஸ்ஸில் வந்தேன்.

வழியில் ஆற்றுக்குக் கட்டிய புதுப் பாலத்தில் பஸ் ஏறுவது இன்றுதான் முதல் தடவை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கட்டிய மேஸ்திரி.

"ஏனுங்க, தாங்குமுங்களா?" என்றேன்.

"தாங்காம என்னங்க? போன மழைக்கு உழுந்த பழைய பாலத்தத்தான் ஒடச்சுக் கழுவி, ஜல்லியாப் போட்டிருக்கறமுங்க. இன்னொரு பாறைக்கு எதுக்குங்க வெடி வெக்கோணும்?"

விழுந்த பாலமா!

பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. "பயமிருக்கறவங்க எறங்கி நடந்து வாங்க" என்றார் கண்டக்டர்.

கட்டியவரே பக்கத்தில் இருக்கிறாரே என்று நான் அசையவில்லை. முதலில் இறங்கி ஓடியவர் மேஸ்திரிதான்.

நான் எழுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கீழே வெள்ளத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அக்கரையில் பஸ் நின்றதும், நடந்து வந்தவர்களோடு மேஸ்திரியும் முழங்கால்வரை நனைந்து வந்து ஏறினார்.

"மேல இருந்தா ஒண்ணும் தெரியாதுங்க. அதான் பாலத்துக்கு அடியில போய் நின்னு பாத்தனுங்க. ஒரு கீறல் இல்லீங்க."

"உழுந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"கத்தியிருப்பனுங்க."

அந்த இரைச்சலில் அவர் கத்துவது யார் காதில் விழுந்திருக்கும்? நாளையும் அதே பஸ்தான். உட்காரட்டுமா, நடக்கட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.